ஒன்றரை லட்சமும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

போன வாரம் லிஃப்டில் மூன்றாவது மாடி அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தம்பி பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தீங்களாமே! அந்த லிஸ்டை அப்படியே வாட்ஸ்அப்புல போட்டு விடுங்களேன். எங்க வீட்டுல பொண்ணு உயிரை வாங்குறா. ஒன்றரை லட்சம் வரைக்கும் ஓகேன்னு அவ அப்பா சொல்லிட்டார்."

வாங்கிக் கொடுத்தது நானில்லை. பணம் அவன் அப்பாவுடையது, மீதி அவனுடையது. நான் கூடப் போனேன், அவ்வளவுதான். லிஸ்ட் இருக்கிறது. ஒரு மளிகை பில்லின் பின்பக்கத்தில், அடித்தும் திருத்தியும், காபிக் கறையோடு பத்திரமாக இருக்கிறது. ஆனால், அதை அப்படியே அனுப்பினால் அவர் கடையில் போய் விழிப்பார். ஏன் என்று சொல்லி முடிக்க மூன்று மாடி போதாது. இந்த வாரப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

போன வருடம் ஜூன் மாதம், திருநெல்வேலியில் இருந்து தம்பி போன் செய்தான்.

"எக்கா, பய காலேஜ்ல சேர்ந்துட்டான். கம்ப்யூட்டர் வேணுங்கான். ஒன்னே முக்கால் லட்சத்துக்கு ஒரு கொட்டேஷனைக் காமிக்கான். விளையாடுததுக்கு எதுக்குக்கா இம்புட்டு ரூவா? அம்பத்தஞ்சாயிரத்துக்கு பிளேஸ்டேஷன் வருதாமே, அதை வாங்கிக் கொடுத்தா ஆச்சுல்லா?"

நியாயமான கேள்விதான். விளையாட்டு மட்டும்தான் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால், இந்தப் பையன் பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்து ஊரில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறான். பகலில் முகூர்த்தம், ரிசப்ஷன் என்று வெட்டி ஒட்டுவான், ராத்திரி விளையாடுவான். அப்படிச் சேர்த்த காசு நாற்பதாயிரம் அவன் கையில் இருந்தது. பிளேஸ்டேஷனில் கல்யாண வீடியோ எடிட் செய்ய முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அதற்கு முந்தைய ஐப்பசியில் ஓர் இடி மழை ராத்திரியில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனது. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அது. கரன்ட் போய்ப் போய் வந்ததில் அது தானும் செத்து, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்க்கில் பாளையங்கோட்டைக் கல்யாணம் ஒன்று இருந்தது. கேமரா கார்டை ஏற்கெனவே அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். டிஸ்க்கில் இருந்து மீட்டது பாதிதான். மீட்டதில் தாலி கட்டுகிற இடம் இல்லை.

பையன் நாலு நாள் யாரிடமும் பேசவில்லை என்று அப்போது தம்பி மனைவி சொன்னாள்.

தம்பி கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தான். தன் பங்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், பையன் பங்கு நாற்பதாயிரம். "ஒன்றரை லட்சம். அதுக்கு மேல ஒத்த ரூவா கூடாது. நீயும் கையில இருந்து போடக் கூடாதுக்கா, சொல்லிட்டேன்" என்று எனக்கும் ஒரு பூட்டுப் போட்டான். என்னைத் தெரிந்தவன்.

அந்த ஒன்னே முக்கால் லட்சக் கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் கொட்டை எழுத்தில் கோர் ஐ9. அடுத்து லிக்விட் கூலிங், கண்ணாடி கேபினெட், ஆர்ஜிபி ஃபேன் ஏழு. கடைசிக்கு முந்தைய வரியில், சின்னதாக, ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. எஸ்எம்பிஎஸ் என்று போட்டிருந்தது. எந்த கம்பெனி, எத்தனை வாட் என்று இல்லை. மானிட்டர் லிஸ்டிலேயே இல்லை.

எனக்கும் இதெல்லாம் முதலில் தெரியாது. மூன்று வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தேன், வீடியோ பார்த்தேன், பையனையே கேள்வி கேட்டு அறுத்தேன். புரிந்தது இதுதான். கல்யாணச் சமையலில் தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருப்பார். எது எப்போது என்று சொல்வார். அவர் பிராசசர். பந்தியில் ஆயிரம் இலைக்கும் ஓடி ஓடிப் பரிமாறும் கூட்டம் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டில் திரையில் தெரிகிற ஒவ்வொரு புள்ளியையும் ஒரு நொடிக்கு அறுபது முறை, நூறு முறை என்று நிறம் போட்டுக் கொடுப்பது இந்தக் கூட்டம்தான். பெரிய சமையல்காரரைப் பிடித்துவிட்டு, பரிமாற நாலே பேரை வைத்தால் பந்தி எப்படி நடக்கும்? அந்தக் கொட்டேஷன் அப்படித்தான் இருந்தது. ஐ9 என்றால் மேசையில் கெத்து. ஆனால், விளையாட்டில் இழுத்தடிக்கப் போவது அந்தச் சின்ன வரி.

பெயரில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. 'ஐ7 கம்ப்யூட்டர், முப்பதாயிரம்தான்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 2013-ல் வந்த ஐ7-ம் ஐ7தான். எந்தத் தலைமுறை என்று கேட்காமல் வாங்கினால், பேத்தி கல்யாணத்துக்குப் பாட்டியின் கல்யாணப் பட்டைக் கட்டிய கதைதான். பட்டாவது அழகாக இருக்கும்.

"முதல்ல என்ன வாங்கணும்னு நினைக்கே?" என்று பையனிடம் கேட்டேன். "கிராபிக்ஸ் கார்டு அத்தை" என்றான். இல்லை, முதலில் முடிவு செய்ய வேண்டியது திரை. சாதாரண ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். அடுத்த படியான 1440 திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். திரை பெரிதாகப் பெரிதாகப் பந்தியில் இலை கூடுகிறது. 4கே திரை வாங்கிவிட்டு அதற்கு ஈடுகொடுக்கிற கார்டைத் தேடினால் பட்ஜெட் எங்கோ போய்விடும். போன வருடம் ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்று மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். 27 அங்குல 1440 திரை போதும் என்று முடிவானது. எடிட்டிங்கிலும் டைம்லைன் நீளமாகத் தெரியும் என்று அவனுக்கும் சந்தோஷம்.

"ஜிடிஏ 6 வரும்போது தாங்கணும் அத்தை" என்றான். தேடிப் பார்த்தேன். பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவித்திருந்தார்கள், கம்ப்யூட்டருக்கு அறிவிப்பே இல்லை. வராத மாப்பிள்ளைக்குச் சீர் செய்ய வேண்டாம் என்றேன். சிரித்தான், ஆனால் மனசு கேட்கவில்லை என்று தெரிந்தது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினான். மறுநாள் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலை ஓரமாக நடந்து ரிச்சி தெருவுக்குப் போனோம். போகாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஒரு தெரு இல்லை, ஒரு சந்தை. பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்து, ஒயர், சார்ஜர், கேமரா, மதர்போர்டு என்று அடைசலாகக் கடைகள். நடுவில் மினி லாரி. "என்ன மேடம் வேணும், டிஸ்ப்ளேவா, லேப்டாப் சர்வீஸா?" என்று ஆளுக்கு ஆள் கூப்பிடுவார்கள். நான் பர்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பையன் கோயில் திருவிழாவுக்கு வந்தவன் மாதிரி நடந்தான்.

ஐந்து கடையில் விலை கேட்டு மளிகை பில்லின் பின்னால் எழுதினேன். ரைசன் 5 7600 பிராசசர் பதினேழாயிரத்து ஐந்நூறு. அதற்கு பி650 மதர்போர்டு பதின்மூன்றரை. இந்த ஜோடியை எடுத்ததற்குக் காரணம், நாளைக்கு இதைவிடப் பெரிய பிராசசரை அதே போர்டில் மாட்டலாம். ஏஎம்5 என்கிற அந்த சாக்கெட்டை 2027 வரையாவது விடமாட்டோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. டிடிஆர்5 ராம், பதினாறு பதினாறாக 32 ஜிபி, எட்டாயிரத்து ஐந்நூறு. ஒரு டிபி எஸ்எஸ்டி ஆறாயிரம். கூலர் இரண்டாயிரம். மானிட்டர் பத்தொன்பதாயிரம். ஒரிஜினல் விண்டோஸ் பத்தாயிரம். கீபோர்டு, மவுஸ் பழையதே போதும்.

விண்டோஸுக்குப் பத்தாயிரமா என்று கடைக்காரருக்கே ஆச்சரியம். "நாங்களே போட்டுத் தர்றோம் மேடம், எல்லாரும் அப்படித்தான்." அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை வைத்து வேலை செய்கிற மெஷினில், யார் எங்கிருந்து எடுத்த காப்பியோ எனக்கு வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

கேபினெட்டில்தான் முதல் சண்டை. இரண்டு பக்கமும் கண்ணாடி, உள்ளே மீன் தொட்டி மாதிரி விளக்கு எரிகிற பெட்டி, பதினோராயிரம். பையன் அதன் முன்னால் இருந்து நகரவில்லை. பக்கத்திலேயே முன்பக்கம் வலை வைத்த கறுப்புப் பெட்டி, ஐயாயிரம். திருநெல்வேலியில், ஏசி இல்லாத மாடி அறையில், சித்திரை மாதம் உட்காரப் போகிற பெட்டி இது. காற்று உள்ளே போக வழி வேண்டும். "விளக்கு வேணும்னா கார்த்திகைக்கு ஏத்திக்கலாம், வால" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் சண்டையே இல்லை. 750 வாட், கோல்டு தரம், நல்ல கம்பெனி, எட்டாயிரத்து ஐந்நூறு. அவனாகவே எடுத்து வைத்தான். ஒன்று கவனியுங்கள், இதுபோல் நல்ல சப்ளைக்கு ஐந்து வருடம், ஏழு வருடம், சிலதுக்குப் பத்து வருடம் வாரன்டி கொடுப்பார்கள். கேபினெட்டோடு சும்மா வருவதற்குக் கொடுப்பதைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

மீதி இரண்டு ஐட்டம். கார்டும் யூபிஎஸ்ஸும். கணக்கு இங்கேதான் இடித்தது.

ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 12 ஜிபி, ஐம்பத்தொன்பதாயிரம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி, நாற்பத்தேழாயிரம். யூபிஎஸ் 1000 விஏ, ஆறாயிரத்து ஐந்நூறு. பெரிய கார்டும் யூபிஎஸ்ஸும் சேர்ந்தால் மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு. யூபிஎஸ்ஸை விட்டால் சரியாக ஒரு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம்!

"யூபிஎஸ் அப்புறமா வாங்கிக்கிடலாம் அத்தை" என்றான் உடனே. "சப்ளைதான் நல்லதா எடுத்தாச்சுல்லா?"

நல்ல சப்ளை மெஷினைக் காப்பாற்றும். சேவ் செய்துகொண்டிருக்கிற வேலையைக் காப்பாற்றாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு 600 விஏ யூபிஎஸ் இருக்கிறதே என்றான். அது தருவது 360 வாட்தான். 5070 கார்டு ஒன்றே முழு வேகத்தில் 250 வாட் இழுக்கும்; பிராசசரும் மானிட்டரும் சேர்ந்தால் அந்தப் பெட்டி பீப் என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். 5060 டிஐ இழுப்பது 180.

மறுபக்கம் அவன் சொல்வதும் பொய்யில்லை. 1440 திரையில் 5070 கால் பங்குக்கு மேலேயே வேகம் கூடுதல். இப்போது விட்டால் இன்னொரு முறை கார்டு மாற்ற மூன்று, நாலு வருடம் ஆகும். யூபிஎஸ் அடுத்த மாதம்கூட வாங்கலாம். ஆனால், அடுத்த மாதம் வாங்கலாம் என்று விட்ட பொருள் எங்கள் வீட்டில் எதுவும் அடுத்த மாதம் வந்ததில்லை. 16 ஜிபி மெமரி எடிட்டிங்குக்கும் உதவும் என்றேன். இதே 5060 டிஐ என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

உண்மையைச் சொல்கிறேன், என் கை பர்ஸுக்குள் போய்விட்டது. ஐயாயிரத்து ஐந்நூறுதானே. தம்பி போட்ட பூட்டு ஞாபகம் வந்தது. "காசு உன்னோடது, நீயே சொல்லு. நான் ஒன்னும் சொல்லலை" என்றேன்.

தெருமுனையில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். நானும் பேசவில்லை. பத்து நிமிஷம் இருக்கும்.

"அத்தை, அந்தப் பாளையங்கோட்டை அக்காவைப் போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். கைக்குழந்தையோட நின்னாங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "யூபிஎஸ் இருக்கட்டும்" என்றான்.

மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்து மூன்றாயிரத்து ஐந்நூறு. மிச்சம் ஆறாயிரத்து ஐந்நூறை என் கையில் கொடுத்து, பேக்கப் எடுக்க வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று பார்த்து வாங்கி அனுப்பச் சொன்னான். எனக்கு அது தோன்றவே இல்லை. பெரிய கார்டைப் பற்றிப் பிறகு அவன் பேசவில்லை. ஆனால், மெட்ரோவில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். நான் தடுத்திருக்க வேண்டாமோ என்று இரண்டு நாள் எனக்கும் உறுத்தியது.

பில் விஷயம். பில் இல்லாமல் என்றால் விலை குறையும் என்று ஒரு கடையில் காதோடு சொன்னார்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கார்டுக்கு மூன்று வருடம், எஸ்எஸ்டிக்கு ஐந்து வருடம் என்று வாரன்டி வாங்குவது பில்லும் அதில் எழுதிய சீரியல் நம்பரும்தான். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள நம்பரை பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்று தப்பாக இருந்தது, திருத்திக் கொடுத்தார்கள்.

கடையிலேயே மாட்டி, ஓட விட்டுக் காட்டினார்கள். ஊருக்குக் கொண்டுபோகும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைக்கச் சொன்னேன். கனமான கார்டு, ரயில் குலுக்கலில் மதர்போர்டில் இருந்து பிய்த்துக்கொண்டால் போச்சு. பையன் தன் பெர்த்தில் கேபினெட்டைப் படுக்க வைத்துவிட்டு, காலடியில் சுருண்டு உட்கார்ந்து போயிருக்கிறான்.

ஊரில் போய் மாட்டியதும் போன். "அத்தை, பழைய கம்ப்யூட்டரை விட மோசமா ஓடுது." எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசியில் பார்த்தால், மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகியிருக்கிறான். இந்த பிராசசருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு. அதனால் படம் தெரிந்திருக்கிறது. நாற்பத்தேழாயிரம் ரூபாய் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஒயரைக் கார்டில் மாற்றிச் செருகியதும் பறந்தது. அப்புறம் அவனே இரண்டு விஷயம் கண்டுபிடித்தான். 180 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60-லேயே ஓட்டிக்கொண்டிருந்தது. 6000 வேக ராம் 4800-ல் நின்றது. பயாஸில் எக்ஸ்போ என்பதை ஆன் செய்ய வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை இப்படித் தெரியாமலே தூங்க விட்டிருப்பவர்கள் எத்தனை பேரோ!

போன ஐப்பசியில், ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ் வந்தது. "இடி. கரன்ட் போயிட்டு. சேவ் பண்ணி ஆஃப் பண்ணிட்டேன்." அவ்வளவுதான். நான் ஒரு கட்டை விரல் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

இப்போது மூன்றாவது மாடிக்கு வருகிறேன். அந்த லிஸ்ட் ஏன் இன்று செல்லாது? நேற்று அதே கடைக்குப் போன் செய்தேன். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய அதே ராம் ஜோடி இன்று முப்பதாயிரத்துக்கு மேல். போன வருடக் கடைசியில் ஏறத் தொடங்கியது. உலகத்துக்கு மெமரி சிப் செய்கிற பெரிய கம்பெனிகள் மூன்றுதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மூவரும் ஓடி ஓடிச் செய்வதில், நம் வீட்டு கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது குறைந்துவிட்டது. மைக்ரான் டிசம்பரில் தன் குரூசியல் பிராண்டையே கடைகளில் இருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டது. எஸ்எஸ்டியும் ஏறுகிறது. அதே லிஸ்டை அதே கடையில் கொடுத்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே அவரிடம் சொன்னது இது. ராம் 16 ஜிபி ஒற்றையாக ஒன்று மட்டும் இப்போது போடுங்கள், பக்கத்து இடம் காலியாக இருக்கட்டும், விலை இறங்கினால் ஜோடி சேர்க்கலாம். ஜோடியாக ஓடுவதைவிடக் கொஞ்சம் வேகம் குறையும், பரவாயில்லை. பழைய கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி நன்றாக இருந்தால் அதையும் மாட்டிக்கொள்ளுங்கள். சப்ளையிலும் யூபிஎஸ்ஸிலும் கை வைக்க வேண்டாம். முதலில், பெண் என்ன விளையாடுகிறாள் என்று கேளுங்கள் என்றேன்.

கேட்டுவிட்டு வந்தார். வேலரன்ட்டாம். அது லேசான விளையாட்டு. ஃபுல் எச்டி திரையும் நடுத்தரக் கார்டும் தாராளம். ஒரு லட்சத்துக்குள்ளேயே முடிக்கலாம், மீதியை அவள் பெயரில் போட்டு வையுங்கள் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ராத்திரி அந்தப் பெண்ணே மெசேஜ் அனுப்பியிருந்தாள். "ஆன்ட்டி, நீங்க சொன்னது எல்லாம் ஓகே. கேபினெட் மட்டும் இது எடுத்துக்கலாமா?" கீழே ஒரு படம். மூன்று பக்கம் கண்ணாடி, உள்ளே ரோஸ் கலர் விளக்கு. இன்னும் பதில் போடவில்லை.